டீச்சர் வேலையிலிருந்து நிருபர் வேலைக்கு: மும்பையில் தொடங்க நினைப்பவர்களுக்கு

மாலத்தீவிலும் வளைகுடாவிலும் சில வருஷம் பாடம் நடத்திவிட்டு மும்பை திரும்பும் தமிழ் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "மேடம், நீங்க எப்படிப் பத்திரிகைக்கு மாறினீங்க? எங்களால முடியுமா?" முடியும் என்பதுதான் என் பதில். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் பொருளியலும் வணிகவியலும் நடத்திக்கொண்டிருந்தவள் நான். இப்போது மும்பை மாநகராட்சிப் பள்ளிகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். இதழியல் பட்டம் என்னிடம் கிடையாது. இந்த மாற்றத்துக்கு எது வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஆசிரியராக இருந்தவர் நிருபர் ஆகும்போது அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று புதுத் துறையைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடம் உள்ளே எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டை எப்போது நிரப்புவார்கள், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எந்த அறை திறக்கும், ஒரு டீச்சர் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்தால் கரும்பலகை எப்படி இருக்கும் என்பதெல்லாம் நெடுநாள் நிருபருக்கும் தெரியாது. பலர் இந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுதுவதையே எழுதப் போகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் விசா ஆசிரியர் வேலைக்கானது. அங்கே இருந்துகொண்டு அந்த நாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுவதும் படியுங்கள். வேறு வேலை பார்க்கக் கூடாது, பள்ளி விவரங்களை வெளியிடக் கூடாது என்று பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். எழுதுவது காத்திருக்கலாம். குறிப்பு எடுப்பது காத்திருக்கக் கூடாது.

எதைக் குறித்துவைப்பது? இந்தியாவிலிருந்து இரண்டு நாள் வந்துபோகும் நிருபர் கண்ணில் படாததை. உதாரணம் சொல்கிறேன். 2014 டிசம்பர் 4 அன்று மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. அந்த ஊருக்கு ஆறு கிடையாது, ஏரி கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் நின்றுபோனது. இந்திய விமானப்படை விமானங்களில் தண்ணீர் வந்தது, ஐஎன்எஸ் சுகன்யா கப்பல் வந்தது, அந்தப் பணிக்கு ஆபரேஷன் நீர் என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது. நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஒரே வீட்டில் இருந்தோம். கையில் இருந்த பாட்டில்களை எடுத்துவைத்து, அரிசி களைய இவ்வளவு, பல் தேய்க்க இவ்வளவு, குடிக்க இவ்வளவு என்று ஒரு ரஃப் நோட்டில் கட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டோம். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரம் கழுவப் போகும். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. பின்னால் நான் எழுதிய முதல் கட்டுரைக்கு அந்தப் பக்கம்தான் ஆதாரம். தீ விபத்தைப் பற்றிய எல்லாத் தகவலையும் எடிட்டர் நான்கு வரியில் முடித்துவிட்டு, கட்டத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டார்.

ஆகவே தேதி போட்டு எழுதுங்கள். சம்பள ரசீது, வாடகைச் சீட்டு, சுற்றறிக்கை, படகு டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுவையுங்கள். சம்பளம் மாலத்தீவுப் பணமான ருஃபியாவில் வருகிறது, ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும், அரசு விலை ஒன்று, கடைத்தெரு விலை வேறு என்றால், எந்த மாதம் என்ன வித்தியாசம் என்று குறித்துவையுங்கள். பிள்ளைகளின் விடைத்தாள், மதிப்பெண், புகைப்படம் எதையும் கொண்டுவராதீர்கள். அவை உங்களுடையவை அல்ல.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததையும் இந்த உச்சவரம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எழுத ஒரு விஷயம் கிடைக்கலாம்.

திரும்பி வந்த பிறகு

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாங்கிய சம்பளம் இந்த வேலையில் தொடக்கத்தில் வராது. வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்காவது கையிருப்பு இல்லாமல் முழுநேரமாக இறங்க வேண்டாம். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு வைத்திருந்தால், திரும்பியதை வங்கிக்குத் தெரிவித்துச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் டியூஷன் எடுங்கள், தவறில்லை. ஆனால் எந்தப் பள்ளியில் பாடம் நடத்துகிறீர்களோ அதைப் பற்றி எழுதாதீர்கள். உங்களிடம் டியூஷன் படிக்கும் பிள்ளையின் பள்ளியைப் பற்றி எழுத வேண்டி வந்தால் எடிட்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

படிப்பு வேண்டுமா என்று கேட்கிறார்கள். முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருஷ டிப்ளமோ சேரலாம். மும்பையிலேயே நல்ல இடங்கள் உண்டு. நாற்பது தாண்டியவர்கள் அந்தப் பணத்தையும் ஒரு வருஷத்தையும் பள்ளிகளைச் சுற்றுவதில் செலவிடலாம் என்பது என் கருத்து. மராத்தி மட்டும் கட்டாயம். மாநகராட்சிச் சுற்றறிக்கை மராத்தியில்தான் வரும், வார்டு ஆபீஸில் கிளார்க் மராத்தியில்தான் பேசுவார். பேச வராவிட்டாலும் படிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். தேவநாகரி எழுத்து தெரிந்தவர்கள் ஆறு மாதத்தில் ஒரு சுற்றறிக்கையைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம்.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, ஆங்கிலம், உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த வகுப்போடு நிற்கிறார்கள் என்று தொடர்ந்து கவனிக்கும் நிருபர்கள் மிகக் குறைவு. நீங்கள் அங்கே போகலாம். ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாராவி, மாஹிம், தாதர் மூன்றும் ஜி வடக்கு வார்டு. மாட்டுங்கா, சயான், வடாலா பக்கம் எஃப் வடக்கு. ஒரு வார்டில் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெயர், யூடைஸ் எண், எந்த வகுப்பு வரை இருக்கிறது, எத்தனை ஆசிரியர் என்று ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். யூடைஸ் என்பது ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண்; 11 இலக்கம், மகாராஷ்டிரத்துக்கு 27-இல் தொடங்கும். அந்த எண்ணைப் போட்டால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் யூடைஸ் பிளஸ் தளத்தில் வரும். அது பள்ளியே கொடுத்த தகவல். நேரில் போய்ப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

கல்வி உரிமைச் சட்டத்தை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், நீளம் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தக் குழுவில் இருக்கும் அம்மாக்களின் பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரைவிட அவர்கள் தைரியமாகப் பேசுவார்கள்.

கேள்வி கேட்பது

இங்கேதான் டீச்சராக இருந்தது குறுக்கே நிற்கும். வகுப்பில் நாம் கேட்கும் கேள்விக்கு விடை நமக்கு முன்பே தெரியும். பிள்ளை தடுமாறினால் எடுத்துக்கொடுப்போம், தப்பாகச் சொன்னால் திருத்துவோம், யாரும் பேசாவிட்டால் நாமே சொல்லிவிடுவோம். பேட்டியில் இந்த மூன்றையும் செய்யக் கூடாது. அதற்கு மேல் இன்னொன்று: உங்களைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

தாராவியில் முறுக்கு போடும் ஓர் அக்காவிடம் பேசப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மகள் எட்டாவது முடித்ததோடு நின்றுவிட்டாள். நான் வாசலில் நின்று கேட்டதற்கு, "நல்லாப் படிப்பா டீச்சர், தெனம் ஹோம்வொர்க் பண்ணிருவா" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில். பள்ளிக்கூடத்து ஆள் வந்தால் சொல்ல வேண்டியது என்று அவர் பழகிவைத்திருந்த பதில் அது. நான் உள்ளே போய், பேனாவைப் பையில் போட்டுவிட்டு, மாவு டப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெயின் சூடு முகத்தில் அடித்தது. அவர் கரண்டியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சுற்றாகப் பிழிந்து எண்ணெயில் நழுவவிட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் பேசவில்லை. ஒரு ஈடு எடுத்து வடிதட்டில் போட்ட பிறகு அவராகவே சொன்னார்: "எட்டாவதுக்கு மேல பக்கத்துல தமிழ் இல்ல டீச்சர். ரயிலேறிப் போகணும். அவ போயிட்டா சின்னவன யாரு பாத்துக்குவா?"

அந்த மூன்று வாக்கியத்தில் ஒரு முழுச் செய்தி இருக்கிறது. அருகில் தமிழில் உயர்நிலை வகுப்பு இல்லை, இருக்கும் பள்ளிக்கு ரயிலேற வேண்டும், பிள்ளை பார்க்கும் வேலை பெண்பிள்ளை தலையில் விழுகிறது. நான் "ஏன் நிறுத்தினீங்க?" என்று இரண்டாவது தடவை கேட்டிருந்தால் அவர் தலையைக் குனிந்திருப்பார். ஆகவே கையில் வேலை இருக்கும் நேரத்தில் போங்கள், கூடவே உட்காருங்கள், வாய் மூடி இருங்கள். கேள்வியை "எப்போ", "எங்கே", "அன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று கேளுங்கள். "ஏன்" என்று டீச்சர் வாயிலிருந்து வந்தால் பலருக்கும் திட்டு மாதிரித்தான் கேட்கும். கிளம்பும் முன் நீங்கள் யார், எதற்கு எழுதுகிறீர்கள், பெயர் போடலாமா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். வெளியே வந்ததும், டீக்கடையில் நின்றாவது, கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவிடுங்கள்.

காகிதம்

ஒருவர் சொன்னதை வைத்து மட்டும் செய்தி எழுத முடியாது. அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம். மகாராஷ்டிரத்தில் இதற்கென்று சில விதிகள் உண்டு: மனு 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்க வேண்டும், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு 20 ரூபாய் ஸ்டாம்பு.

மனுவில் காரணம் கேட்காதீர்கள். "தமிழ் வகுப்புகளை ஏன் மூடுகிறீர்கள்?" என்று எழுதினால், அப்படிப்பட்ட தகவல் பதிவில் இல்லை என்று ஒற்றை வரியில் திரும்பி வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: "இன்ன பள்ளியின் தமிழ்ப் பிரிவில் 2022-23 முதல் 2024-25 வரை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோர் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, தொடர்புடைய பதிவேட்டுப் பக்கங்களின் நகல்." இதற்கு ஒருவர் பதில் தராமல் இருப்பது கஷ்டம். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதால் மற்ற நிருபர்களைவிட உங்கள் மனு கூர்மையாக இருக்கும்.

மதிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம் போஷண் என்ற மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் பதிவு உண்டு. ஆக ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்கு 120 பிள்ளைகள் சாப்பிட்டதாக எழுதியிருந்தால் 12 கிலோ அரிசி கணக்கில் இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு, உணவுப் பதிவேடு, தானிய இருப்பு, ருசி பார்த்த பதிவு, இந்த நான்கையும் ஒரே வாரத்துக்கு வாங்கி மேஜையில் வரிசையாக வையுங்கள். வெளியே சமைத்து வண்டியில் வரும் பள்ளியானால் இறக்கிய சீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். எண்கள் ஒத்துப்போனால் நல்லது, அந்தப் பள்ளியைப் பாராட்டி எழுதலாம்; நான் எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் உடனே திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். அன்று அரை நாள் பள்ளியா, பண்டிகைக்கு மறுநாளா, மழையில் ரயில் நின்ற நாளா என்று பாருங்கள். ஜூலை மாதத்தில் மும்பையில் அப்படி நாள்கள் வரும். பிறகு தலைமை ஆசிரியரிடம் எண்களைக் காட்டி, அவர் சொல்வதை முழுவதும் எழுதிக்கொண்டு, அதையும் கட்டுரையில் போடுங்கள்.

எடிட்டரிடம் போவது

கட்டுரை முழுவதையும் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதலில் அரைப் பக்க மின்னஞ்சல். என்ன புதிதாகத் தெரிந்தது, யாரிடம் பேசினீர்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது, எத்தனை சொல், எப்போது தர முடியும். உங்கள் ஆசிரியர் அனுபவத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது.

ஆசிரியர்கள் என்னிடம் காட்டும் கட்டுரைகளில் முதல் மூன்று பத்தி பெரும்பாலும் முன்னுரையாக இருக்கும்: கல்வியின் முக்கியத்துவம், சட்டத்தின் வரலாறு, ஒரு குறள். நான்காவது பத்தியில்தான் ஒரு பிள்ளை வரும். அந்த நான்காவது பத்தியை மேலே கொண்டுவாருங்கள். சட்டம் தேவைப்படும் இடத்தில் ஒரு வரியாக வரட்டும். தமிழ்ப் பெற்றோரைப் பற்றி எழுதுவதை முடிந்தவரை தமிழிலும் வெளியிடுங்கள். ஆங்கிலத்தில் வந்தால் அதிகாரி படிப்பார், ஆனால் முறுக்கு போடும் அக்கா படிக்க மாட்டார். அவர் சொன்னது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

பிள்ளைகள் பெயர் விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருங்கள். நமக்குப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தே பழக்கம். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட, பாதுகாப்புத் தேவைப்படும், பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியாக உள்ள சிறாரின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பாலியல் குற்ற வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பள்ளியின் பெயரும் தடையில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். "தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஏழாவது படிக்கும்" என்று எழுதினாலே அந்தத் தெருவில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். வழக்கு எதுவும் இல்லாத சாதாரணக் கட்டுரையிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நான் ஒரு பிள்ளையின் பெயரோ படமோ போடுவதில்லை.

கட்டுரை வந்த அன்றே பில் அனுப்புங்கள்: பெயர், பான் எண், வங்கி விவரம், கட்டுரைத் தலைப்பு, வெளியான தேதி, தொகை. தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் நிறுவனம் வருமான வரியாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தரும். வருஷக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். தொகையை எழுதத் தொடங்கும் முன்பே கேட்டு மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் பேசிப் பழக்கம் இல்லை, கூச்சப்படுவார்கள். கேட்டால் எந்த எடிட்டரும் தப்பாக நினைப்பதில்லை.

கடைசியாகக் குறிப்பேடுகள். அவதூறுக் குற்றப் புகார் கொடுக்க மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு; இப்போது அந்தக் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. ஆகவே பேட்டி நோட்டு, ஆடியோ, மனு நகல், பதில் வந்த கவர் எதையும் அதற்குள் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் வார்டு, பள்ளி, மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஆடியோவுக்கும் அதே பெயர் கொடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள்.